ஹெல்மெட்டுக்குள் ஒரு சமையலறை

அத்தியாயம் 4

நூருல் அமீன் டாக்சி ஓட்டுகிறவர். தன் ஐம்பத்திரண்டு வயதுக்குள் எத்தனையோ வீட்டுச் சமையலறைகளுக்குள் நுழைந்து, எதையாவது வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். ஆனால் ஒரு சமையலறைக்குள் நுழைந்த மறு வினாடியே "யா அல்லா, என்னைப் புடிங்க!" என்று அலறியது அந்த 1989-ஆம் வருடத்துச் சனிக்கிழமை காலையில்தான்.

பிடிக்க யாரும் ஓடவில்லை. காரணம், அவர் எங்கேயும் போயிருக்கவில்லை. டன்லப் ஸ்ட்ரீட் 'மதி கிச்சன்ஸ்' கடையின் மாடி அறையில், தரையில் சாக்பீஸால் வரைந்த ஒரு வட்டத்துக்குள் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். தலையில் ஒரு மோட்டார்சைக்கிள் ஹெல்மெட். அதற்குள்ளே கண்ணுக்கு ஒன்றாக இரண்டு குட்டி டிவிகள். ஹெல்மெட்டின் உச்சியிலிருந்து ரேடியோ ஏரியல் மாதிரி நீண்டு சுருங்கும் கம்பி ஒன்று கூரை வரைக்கும் போனது. அங்கிருந்து இறங்கிய வயர்கள் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரில் போய் முடிந்தன.

"தலையை மெதுவா திருப்புங்கண்ணே," என்றான் தங்கராஜு. ஹெல்மெட்டைச் செய்தவன் அவன்தான். ஆறடி உயரம், முப்பது வயது, மூன்று நாளாகத் தூங்காத கண்கள். "நீங்க திரும்பி ஒரு செகண்ட் கழிச்சுத்தான் கிச்சன் திரும்பும். டக்குனு திருப்பினா தலை சுத்தும். முதல் தடவை போடறவங்க எல்லாருக்கும் இதே கதைதான்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா லா? காலையில சாப்பிட்ட ரெண்டு பரோட்டாவும் யூ டர்ன் அடிக்குது."

அமீன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தடுமாறி வந்து உட்கார்ந்தார். அவரை இந்தச் சோதனைக்கு அனுப்பிய மிஸ் பிரிஜட், துளிக்கூட இரக்கம் இல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேம்பல் லேனில், பூக்கடைக்கு மேலே, 'பிரிஜட் விசாரணை நிலையம்' என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் அந்த மிஸ் பிரிஜட்தான். மூளை அவருடையது. டாக்சியும் வாயும் அமீனுடையவை. இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் இதுவரை புகார் இல்லை.

"அமீன், செருப்பை எதுக்குக் கழட்டினீங்க?"

அமீன் தன் காலைப் பார்த்தார். செருப்பு வட்டத்துக்கு வெளியே ஜோடியாக, ஒழுங்காகக் கிடந்தது. கழற்றியது அவருக்கே நினைவில்லை. "கிச்சனுக்குள்ள போறேன்ல மிஸ்?"

"எல்லாரும் கழட்டுறாங்க," என்றான் தங்கராஜு. "ஒரு பழைய டிசைனைப் போட்டு இருபது கஸ்டமருக்குக் காட்டினோம். ஒருத்தர்கூட செருப்போட போடலை. நான் சொல்றதே இல்ல, அவங்களா கழட்டுறாங்க. அதைப் பாத்துட்டுத்தான் இந்த மெஷின் வேலை செய்யுதுன்னு எனக்கு நம்பிக்கையே வந்துச்சு."

சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டதும் அது அணைந்துபோனது.

மதி கிச்சன்ஸின் முதலாளி சந்திரமதி உள்ளே வந்தார். ஐந்தடி எட்டு அங்குலம். அந்தப் பழைய கடைவீட்டின் நிலைவாசல்களைக் குனிந்துதான் கடப்பார், மற்றபடி யாருக்கும் குனியாதவர். சமையலறை கட்டிக் கொடுக்கும் தொழிலில் பதினாறு வருடம். அதுவரைக்கும் வாடிக்கையாளரிடம் வரைபடத்தைக் காட்டி, "இங்க அடுப்பு வரும், இங்க சிங்க் வரும், நம்புங்க" என்று சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தார். இனி நம்பச் சொல்ல வேண்டாம். ஹெல்மெட்டை மாட்டிவிட்டால், கட்டாத சமையலறைக்குள் வாடிக்கையாளரே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுவார். இதுதான் திட்டம்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு வர்றாங்க மிஸ் பிரிஜட்," என்றார். "சுவா சூ காங் பக்கம் நானூறு வீடு கட்டுற கம்பெனி. நானூறு கிச்சனும் எனக்கே கிடைக்கலாம். அவங்களுக்குன்னு ஒரு புது டிசைன் போட்டேன். பேப்பர்ல ஒரு கோடுகூட இழுக்கலை. யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு நேரா கம்ப்யூட்டர்லயே ஏத்தச் சொன்னேன். ஆனா வியாழக்கிழமை, தெம்பனிஸ்ல ஓரியன் கிச்சன்காரன் கடையில அதே கிச்சன் நிக்குது. நிஜமா. மரத்துல!"

"அந்த டிசைனைப் பாத்தது யார் யார்?"

"நானும் இவனும்தான். நான் திருடலை." சந்திரமதி தங்கராஜுவின் பக்கம் திரும்பவே இல்லை. "கடையில எட்டுப் பேர் முன்னாடி வெச்சே இவன்கிட்ட சொல்லிட்டேன், நீதான்டா திருடன்னு. நாலரை மணிக்குள்ள வேற யாராவதுன்னு நீங்க காட்டுங்க. இல்லன்னா போலீசுக்கு போன் போட்டுட்டுத்தான் வர்றவங்களை உக்கார வெப்பேன்."

அவர் இறங்கிப் போனதும் தங்கராஜு கம்ப்யூட்டரின் மேல் இருந்த தூசியைத் துடைத்தான். அங்கே தூசியே இல்லை.

"மிஸ், போலீஸ் கூட்டிட்டுப் போய், அப்புறம் இவன் எடுக்கலைன்னு விட்டாக்கூட, இந்த ரோட்டுல எனக்கு யார் வேலை குடுப்பா? எங்கப்பா நாப்பது வருஷம் இதே தெருவுல ரேடியோ ரிப்பேர் பண்ணவர். அவரைப் பாத்து, உன் பையன்தானே அந்தத் திருடன்னு கேப்பாங்க." குரல் உடைந்தது. அதை மறைக்க இருமினான்.

பிரிஜட் எழுந்தார். "மணி பதினொண்ணு. அமீன், தெம்பனிஸ்."

"மீட்டர் போடவா மிஸ்?"

"போட்டா நீங்களே குடுத்துக்குங்க."

*

ஓரியன் கிச்சன், தெம்பனிஸில் ஒரு அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. புது வீடு வாங்கிய குடும்பங்கள், மார்க்கெட் கூடையோடு வந்த பெண்கள், எல்லோரும் நடுவில் நின்ற மாதிரிச் சமையலறையைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அடுப்பைப் பார்க்கக் குனிந்தார். 'டொங்' என்று ஒரு சத்தம்.

"ஆவ்!"

சுவரிலிருந்து நீண்டிருந்த மசாலாத் தட்டு அவர் நெற்றியைப் பதம் பார்த்திருந்தது. சமையலறையின் நீளம் முழுக்க ஓடிய ஒரே தட்டு அது. மிளகாய், மல்லி, மஞ்சள் டப்பாக்களை வரிசையாக வைக்கலாம். அதுதான் அந்த டிசைனின் புதுமை என்று சந்திரமதி சொல்லியிருந்தார்.

"இவ்ளோ கீழேயா வெப்பாங்க?" அமீன் நெற்றியைத் தேய்த்தார். "இது கிச்சனா, இல்ல பாலர் பள்ளியா?"

பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்ப் பெண்மணிக்குக் கோபம் வந்துவிட்டது. அமீனின் தோளுக்குக்கூட அவர் வரமாட்டார். "உங்களுக்கு என்னங்க, நீங்களா சமைக்கப் போறீங்க? இருபது வருஷமா ஸ்டூல் போட்டு ஏறித்தான் மல்லித்தூள் எடுக்கறேன். இதுதான் என் கைக்கு எட்டுற மொத கிச்சன். நான் புக் பண்ணிட்டேன்."

"சாரி அக்கா. மல்லித்தூள் உங்க பக்கம்தான்."

பிரிஜட் கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தார். ஒரு நுனியைத் தரையில் வைத்து மிதித்துக்கொண்டு மறு நுனியைத் தட்டுக்கு இழுத்தார். நாலரை அடி. இன்னொரு முறை அளந்தார். அதே நாலரை. அடுப்பு மேடை, சிங்க், அலமாரிக் கதவு எல்லாம் சந்திரமதி சொன்ன இடத்தில், சொன்ன வரிசையில் இருந்தன. கதவுக் கைப்பிடிகூட அதே பிறை வடிவம். தட்டு மட்டும்தான் அவர் கண்ணை உறுத்தியது.

வெளியே வந்து பொதுத் தொலைபேசியில் பத்துக் காசைப் போட்டு மதி கிச்சன்ஸைக் கூப்பிட்டார். தங்கராஜுதான் எடுத்தான்.

"தம்பி, மசாலாத் தட்டுக்கு நீங்க கம்ப்யூட்டர்ல என்ன உயரம் குடுத்தீங்க?"

"அஞ்சடி நாலு அங்குலம் மிஸ். மேடமோட கண்ணு உயரம். படம் பாக்கறவங்க கண்ணும் அதே அஞ்சடி நாலுலதான் இருக்கற மாதிரி வெச்சிருக்கேன். மேடம்தான் அடிக்கடி போட்டுப் பாப்பாங்க, அதனால."

"மேடத்தைவிடக் குட்டையா ஒருத்தர் போட்டா?"

"அவங்களுக்கும் அதே படம்தான் தெரியும். தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னுதான் அந்தக் கம்பி சொல்லும். எவ்ளோ உயரத்துல இருக்குன்னு சொல்லாது. யார் போட்டாலும் தட்டு அவங்க கண்ணுக்கு நேராத்தான் தெரியும்."

பிரிஜட் போனை வைத்தபோது அவர் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு இருந்தது. அமீனுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். யாரோ மாட்டப்போகிறார்கள் என்று அர்த்தம்.

"மிஸ், நெத்தி வீங்கிப் போனவனுக்காவது சொல்லுங்க."

"தங்கராஜுவுக்கு அளவு தெரியும். அவர் வித்திருந்தா, அஞ்சடி நாலுன்னு எழுதிக் குடுத்திருப்பார். தட்டும் அஞ்சடி நாலுல இருந்திருக்கும். இங்க பத்து அங்குலம் கீழே இருக்கு. ஏன்?"

"மரம் பத்தலையா?"

"வித்தவங்களுக்கு அளவே தெரியாது. திருட்டுத்தனமா ஹெல்மெட்டைப் போட்டுப் பாத்திருக்காங்க. தட்டு கண்ணுக்கு நேரா தெரிஞ்சிருக்கு. தச்சர்கிட்ட வந்து நின்னு, தட்டு என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு, இதோ இந்த உயரம்னு கையைக் காட்டியிருக்காங்க. அவர் கோடு போட்டுட்டார்." பிரிஜட் தன் கண்ணுக்கு நேரே ஒரு விரலை நீட்டிக் காட்டினார். "கண்ணு நாலரை அடியில. அதுக்கு மேல நெத்தி, மண்டை ஒரு நாலு அங்குலம். ஆள் நாலடி பத்து."

அமீன் கடைக்குள் நின்ற சமையலறையைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ திருடினவங்க தங்களோட உயரத்தை மரத்துல செஞ்சு, கடைத்தெருவுல நிறுத்தி வெச்சிருக்காங்க!"

"விளம்பரமும் குடுத்திருக்காங்க."

*

மணி மூன்றரை. மாடி அறையில் பிரிஜட் சுவரில் நாலரை அடி உயரத்தில் ஆணி அடித்து, ஒரு சிவப்பு நூலைக் குறுக்கே இழுத்துக் கட்டினார். கடையின் மாடி அறைச் சாவி இருக்கும் இடம் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று சந்திரமதி ஏற்கனவே சொல்லியிருந்தார். தங்கராஜு, தச்சர் அப்துல் முத்தலிப், விற்பனைப் பெண் லீலா.

முதலில் முத்தலிப் வந்தார். அறுபது வயது. காதில் பென்சில். நூலுக்கு முன்னால் நிற்கச் சொன்னதும் ஒன்றும் புரியாமல் நின்றார்.

நூல் அவர் கண்ணுக்கு நேராக, மயிரிழை பிசகாமல் ஓடியது.

சந்திரமதி மூச்சை உள்ளே இழுத்தார். "பாய்! நீங்களா?"

"நான் என்னம்மா பண்ணேன்? கூப்ட்டாங்க, நின்னேன்."

"பன்னண்டு வருஷம் என்கிட்ட சோறு தின்னுட்டு..."

"கொஞ்சம் பொறுங்க மேடம்," என்றார் பிரிஜட். "பாய், இந்தப் புது டிசைன் தட்டுக்கு உங்ககிட்ட மரம் அறுக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்களே. போன மாசமே." முத்தலிப் சட்டைப் பையிலிருந்து மடித்த சிகரெட் அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் அவருடைய கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தது: தட்டு, தரையிலிருந்து 5 அடி 4. "தாங்குற கட்டைக்கு அளவு வேணும்ல. எதுக்குன்னு சொல்லலை. அளவு மட்டும் சொன்னாங்க."

பிரிஜட் அட்டையை சந்திரமதியிடம் கொடுத்தார். "அளவைப் பையிலயே வெச்சிருக்கறவர் எதுக்குக் கண்ணால அளக்கணும்? இவர் வித்திருந்தா அமீனோட நெத்தி இப்ப நல்லா இருந்திருக்கும்."

"பாய், நீங்க வித்திருக்கலாம்," என்றார் அமீன் வருத்தத்தோடு.

முத்தலிப் அட்டையை வாங்கி மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார். சந்திரமதியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. இரண்டு நாளுக்குள் வீண்பழி சுமந்த இரண்டாவது ஆள் இது என்று அமீன் மனதுக்குள் எண்ணிக்கொண்டார்.

அடுத்தது லீலா. ஆறு வருடமாகக் கடையின் முகமே அவள்தான். அழுத்தி வாரிய கொண்டை, அதில் இரண்டு முழம் மல்லிகை, பளபளக்கும் கறுப்பு ஹை ஹீல்ஸ். டக் டக்கென்று நடந்து வந்து நூலுக்கு முன்னால் நின்றாள். நூல் அவள் மூக்குக்குக் கீழே, மேலுதட்டில் மீசை வரைந்த மாதிரி ஓடியது. கண் நாலங்குலம் மேலே இருந்தது.

"நான் அந்த ஹெல்மெட்டைத் தொட்டதுகூட இல்ல மிஸ்," என்றாள். "போட்டா கொண்டை என்னாகும்? கஸ்டமர் முன்னாடி நிக்கணும்ல?"

தங்கராஜுவுக்கு நூல் மார்புக்கு வந்தது. சந்திரமதிக்குக் கழுத்துக்கு வந்தது. வேறு யாரும் இல்லை.

"இப்ப என்ன சொல்றீங்க?" சந்திரமதி கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்து. "உங்க நூலுக்குப் பொருந்தின ஒரே ஆளை நீங்களே விட்டுட்டீங்க."

"கிச்சனே படி இறங்கி, பஸ் புடிச்சு தெம்பனிஸ் போயிருக்குமோ?" என்றார் அமீன். யாரும் சிரிக்கவில்லை. தங்கராஜு சுவரோரமாக உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

பிரிஜட் நூலைப் பார்த்தார். பிறகு அமீனைப் பார்த்தார். முகத்தை அல்ல, காலை. அமீன் மாடிக்கு வந்ததும் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி வாசலோரம் விட்டிருந்தார்.

"லீலா," என்றார் பிரிஜட், மிகவும் சாதாரணமாக. "எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. அஞ்சு மணிக்கு வர்றவங்களுக்கு யாராவது போட்டுக் காட்டணும். அமீன் போட்டா வாந்தி எடுப்பார். நீங்க ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

"ஐயோ, என் கொண்டை..."

"நான் அவுத்துட்டுத் திரும்பக் கட்டி விடறேன். எங்க சர்ச்ல கல்யாணப் பொண்ணுங்களுக்கு நான்தான் கட்டுவேன்."

மறுக்க வழி இல்லை. பிரிஜட் மல்லிகையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். லீலா வட்டத்தை நோக்கி நடந்தாள். தங்கராஜு எழுந்து வந்து ஹெல்மெட்டை அவள் தலையில் இறக்கினான். குட்டி டிவிகள் ஒளிர்ந்தன.

லீலா ஒரு கையால் தங்கராஜுவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் மறுகாலின் குதியைத் தட்டினாள். ஒரு ஹீல்ஸ் கழன்றது. பிறகு மற்றொன்று. இரண்டையும் கால் விரலால் வட்டத்துக்கு வெளியே ஒதுக்கிவிட்டு உள்ளே நகர்ந்து நின்றாள். ஏதோ நினைத்துச் செய்ததாகவே தெரியவில்லை. ஒரு சமையலறைக்குள் செருப்போடு நுழையும் பழக்கம் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது, அவ்வளவுதான்.

ஆள் சட்டென்று நாலங்குலம் இறங்கியிருந்தாள்.

அமீன் வாயைத் திறந்தார். பிரிஜட் விரலை உதட்டில் வைத்தார்.

லீலா தலையைத் திருப்பினாள். மெதுவாக. படம் வந்து சேர ஒரு வினாடி நின்றாள். மறுபடியும் கொஞ்சம் திருப்பினாள். நின்றாள். தடுமாறவில்லை, கையை நீட்டி எதையும் பிடிக்கவில்லை, ஒரு 'ஐயோ' கூட இல்லை.

"ரொம்ப அழகா திருப்புறீங்க," என்றார் பிரிஜட். "எத்தனையாவது தடவை?"

ஹெல்மெட் அப்படியே நின்றது.

"முதல் தடவை போடறவங்க எல்லாருக்கும் தலை சுத்தும். உங்களுக்குச் சுத்தலை. நீங்க நிக்கற இடத்துலேர்ந்து ரெண்டடி தள்ளி ஒரு நூல் இருக்கு. கழட்டிட்டு வந்து நில்லுங்க. ஹீல்ஸ் போட வேண்டாம்."

லீலா ஹெல்மெட்டைக் கழற்றினாள். குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு வட்டத்துக்கு வெளியே கிடந்த ஹீல்ஸைப் பார்த்தாள். நூலுக்குப் போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. இருந்தாலும் போய் நின்றாள். சிவப்பு நூல் இரண்டு கண்ணுக்கும் நேராக ஓடியது. அந்தக் கண்களில் தண்ணீர் நிறைந்திருந்தது.

"லீலா!" என்றார் சந்திரமதி.

"ஆமா, நான்தான். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப ஏழு தடவை போட்டேன்." லீலா கண்ணைத் துடைக்கவில்லை. "நீங்க போன்ல யாருக்கோ சொன்னீங்க மேடம். இந்த ஹெல்மெட் வந்தா ஷோரூமும் வேணாம், சேல்ஸ் கேர்ளும் வேணாம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. நான் கதவுக்குப் பின்னாடி கஸ்டமருக்கு டீ கலந்துக்கிட்டிருந்தேன். ஆறு வருஷம் மேடம். நீங்க உயரமா இருக்கீங்க, சேல்ஸ் கேர்ள் குள்ளமா இருந்தா கடைக்கு நல்லா இல்லன்னு சொன்னீங்க. அதுக்காக ஆறு வருஷமா இந்த ஹீல்ஸ்ல நின்னு நின்னு என் முட்டி போச்சு. ஓரியன்காரங்க வேலை தரேன்னாங்க. டிசைனைக் குடுத்துட்டேன். அங்க கிச்சன் கட்டுறப்பவும் ஹீல்ஸைக் கழட்டிட்டுத்தான் தட்டு உயரத்தைக் காட்டினேன்."

பிறகு தங்கராஜுவிடம் திரும்பினாள். "உங்க தலையில விழும்னு நான் நினைக்கலண்ணே. சத்தியமா நினைக்கல. விழுந்தப்ப சொல்ல தைரியம் இல்ல. அது பெரிய தப்பு."

சந்திரமதி டெலிபோனை நோக்கிப் போனார். மணி நாலு முப்பத்தைந்து. பிரிஜட் முன்னால் வந்து டெலிபோனின் மேல் கையை வைத்தார்.

"போன் பண்ணுங்க. உங்க இஷ்டம். அதுக்கு முன்னாடி ரெண்டே நிமிஷம். நீங்க எனக்குக் குடுத்த நேரத்துல நான் இன்னொண்ணும் பாத்தேன், அதையும் சொல்லிடணும். தெம்பனிஸ் கடையில கூட்டம் ஏன் அலைமோதுது தெரியுமா? தட்டு தப்பான உயரத்துல இருக்கறதனால. அந்தத் தப்பு அங்க வந்த பொம்பளைங்களுக்கெல்லாம் சரியா இருக்கு. தங்கராஜு, பாக்கற கண்ணை மட்டும் நாலரை அடிக்கு இறக்குங்க. தட்டு மேடம் வெச்ச இடத்துலயே இருக்கட்டும்."

தங்கராஜு கீபோர்டில் இரண்டு எண்களைத் தட்டினான். சந்திரமதி சந்தேகத்தோடு ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"என்ன இது? தட்டு எங்கே?"

"மேல பாருங்க மேடம்," என்றாள் லீலா.

ஹெல்மெட் நிமிர்ந்தது. ரொம்ப நேரம் நிமிர்ந்தபடியே இருந்தது. சந்திரமதியின் கை தானாக மேலே எழுந்து, காற்றில் ஒரு டப்பாவைத் தேடியது. மூன்று விரல் தூரம் எட்டாத மாதிரி நுனிக்காலில் எம்பினார். ஐந்தடி எட்டு அங்குல மனுஷி, இல்லாத தட்டுக்கு எம்புவதைப் பார்க்க அமீனுக்குச் சிரிப்பு வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"எல்லாம் மேலயே இருக்கு," என்றார் சந்திரமதி, பாதிக் குரலில்.

"கஸ்டமர் எல்லாரும் ஆறு வருஷமா என்கிட்ட அதைத்தான் சொல்றாங்க மேடம். எட்டலை, எட்டலைன்னு. நீங்க ஒரு நாள் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சந்திரமதி கையை இறக்கினார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் மந்தமாக வந்தது. "தங்கராஜு. நான் அவசரப்பட்டுட்டேன். சாரி. அஞ்சு மணிக்கு அவங்க வர்றப்ப, இந்தக் கண்ணு உயரத்தை ஆளுக்கு ஆள் மாத்திக் காட்ட முடியுமா? நானூறு வீட்டுலயும் சமைக்கறவங்களைக் கூப்பிட்டு, அவங்கவங்க உயரத்துக்குத் தட்டு வெச்சுத் தரேன்னு சொன்னா..."

"முடியும் மேடம்," என்றான் தங்கராஜு. கம்ப்யூட்டரிடம் போகவில்லை. "ஹெல்மெட்டைக் கழட்டுங்க."

"என்ன?"

"சாரியை என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. திருடன்னு எட்டுப் பேர் முன்னாடி சொன்னீங்க. அந்த எட்டுப் பேரும் கீழே இருக்காங்க. அவங்க முன்னாடி சொன்னாத்தான் நான் சுவிட்சைப் போடுவேன். இல்லன்னா ஹெல்மெட் உங்களுது, வெச்சுக்குங்க. நான் எங்கப்பா கடைக்குப் போய் ரேடியோ பாக்கறேன்."

முத்தலிப் மெல்ல நகர்ந்து தங்கராஜுவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

சந்திரமதி ஹெல்மெட்டைக் கழற்றினார். தலைமுடி கலைந்து நெற்றியில் விழுந்திருந்தது. அவர் அதை ஒதுக்கவில்லை, டெலிபோன் பக்கமும் போகவில்லை. நேராக மாடிப்படிக்குப் போய், கீழே பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

"எல்லாரும் மேல வாங்க!"

படியில் காலடிகள் தடதடத்தன. வெல்டர், பெயிண்டர், கணக்கெழுதும் பெண், லாரி டிரைவர் என்று ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கழுத்துப் பட்டையும் தோல் பையுமாக நான்கு பேர். சுவா சூ காங் கம்பெனிக்காரர்கள் பத்து நிமிடம் முன்னதாகவே வந்திருந்தார்கள்.

சந்திரமதி அவர்களைப் பார்த்தார். அமீன் பிரிஜட்டின் காதில், "இப்ப பேச்சை மாத்திடுவாங்க மிஸ்," என்று முணுமுணுத்தார்.

சந்திரமதி தங்கராஜுவின் முன்னால் போய் நின்றார்.

"வியாழக்கிழமை உங்க எல்லார் முன்னாடியும் தங்கராஜுவைத் திருடன்னு சொன்னேன். அவன் திருடலை. விசாரிக்காம நான் சொன்னது தப்பு. இன்னிக்கு முத்தலிப் பாயையும் சொல்லப் பாத்தேன். அதுவும் தப்பு. ரெண்டு பேரும் என்னை மன்னிக்கணும்." தொண்டையைச் செருமிக்கொண்டு, வந்த நால்வரும் கேட்கும்படி அதையே ஆங்கிலத்திலும் ஒரு முறை சொன்னார்.

நால்வரில் மூத்தவர் சங்கடத்தோடு தோல் பையைக் கை மாற்றினார். தப்பான நேரத்தில் வந்துவிட்டோமா, வெளியே நிற்கட்டுமா என்று கேட்டார்.

"வேணாம் சார்," என்றான் தங்கராஜு. முகத்தை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டான். "கரெக்ட் டைம்."